பிடரியைச் செய்தவளுக்கு

இன்று காலை திருமுல்லைவாயிலில் புது ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் ரெசின் வாடை மூக்கில் ஏறியது. நம் டப்பாக்கள் எல்லாம் பிரிக்கப்படாமல் மூலையில்தான் கிடக்கின்றன. வாடை பக்கத்துக் கடையிலிருந்து வந்தது. அங்கே இடிபட்ட வேன்களின் பம்பரை ஃபைபர் ஒட்டிச் சரிசெய்கிறார்கள். எனக்கு முன்னாலேயே வந்து நீதான் கலக்க ஆரம்பித்துவிட்டாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். "மூக்குல துணி கட்டிக்கடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, என்னையா சொன்னே?" என்றார்.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். எரிச்சலாக வந்தது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் உன்னைத் திட்டுவதை என் வாய் நிறுத்தவில்லை. சரி, மிச்சம் வைக்காமல் திட்டிவிடுகிறேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் சிற்பப் பிரிவில் நம் வகுப்பில் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். கல்லையோ மரத்தையோ செதுக்கினால் வேண்டாததைக் கழிக்கிறோம், களிமண்ணில் செய்தால் வேண்டியதைச் சேர்க்கிறோம் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். "கழித்தல் கணக்கு எனக்குச் சின்ன வயசுலயே வராது மாமே" என்று சொல்லிவிட்டு நீ களிமண் பக்கம் போய்விட்டாய். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த எனக்கு, ஒரு பெண் இன்னொரு பெண்ணை மாமே என்று கூப்பிடுவதே அதிசயமாக இருந்தது. நான் அச்செடுக்கும் வேலையில், நாம் மோல்டு என்று சொல்வதில், விழுந்தேன். அதனால்தான் பாரிவாக்கத்தில் ஷெட் எடுத்தபோது நமக்குள் பேச்சே தேவைப்படவில்லை. மண்ணில் உருவம் செய்வது நீ. அதை மோல்டு எடுத்து ஃபைபரில் வார்ப்பது நான். மண்டப வாசலுக்கு யானை, பூங்காவுக்கு மான், பள்ளிக்கூட வாசலுக்குத் தலைவர்கள் என்று எது வந்தாலும் இதே ஏற்பாடுதான்.

பேச்சு தேவைப்படவில்லை என்று எழுதிவிட்டேன். சண்டை தேவைப்பட்டது. தினமும்.

முக்கியமான சண்டை ஆர்மேச்சர். களிமண் தன் பாரத்தைத் தானே தாங்காது என்பது உனக்குத் தெரியாததா? நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, கம்பியை வளைத்துக் கட்டி, எலும்புக்கூடு மாதிரி ஒன்றை முதலில் நிறுத்த வேண்டும். அதில் அங்கங்கே சின்ன மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிட வேண்டும். பட்டாம்பூச்சி என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். மண் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பொறுமையாக ஒரு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. உனக்கு அந்த ஒரு நாள் கிடையாது. கம்பி கட்டும்போதே உன் கண் மண் தொட்டியின் மேல்தான் இருக்கும்.

"முன்னாடி பட்டாம்பூச்சி பத்தாது" என்பேன்.

"நிக்கும்டி. நான் சொன்னா நிக்கும்."

"நீ சொன்னா மண்ணு கேக்குமா?"

"கேக்கும். உன்ன மாரியா அது? எதுத்துப் பேசாது."

அப்படி இருக்கும்போதுதான் பிரகாஷ் வந்தார். கொரட்டூர்ப் பக்கம் நீ படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமையானால் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பிவிடுகிற ஆள். பள்ளியில் பியூனாக இருந்த காதர் பாய் இறந்துவிட்டார், அவருக்கு மார்பளவுச் சிலை ஒன்று வைக்கிறோம் என்றார். "மழைக்காலத்துல ரோடு பூரா தண்ணி நிக்கும் மேடம். பஸ் ஸ்டாப்புலேந்து கேட்டு வரைக்கும் சின்னப் பசங்களையெல்லாம் அவர்தான் தூக்கிட்டு வருவார்."

அவர் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ உள்ளேயிருந்து மண் கையோடு ஓடி வந்தாய். "யாரு, காதர் பாய்க்கா? நான் பண்றேன்." என்ன அளவு, என்றைக்கு வேண்டும், படம் இருக்கிறதா என்று எதையும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நீ செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சூடாகிறது. எல்லோரும் முகத்தில் ஆரம்பிப்பார்கள். நெற்றி, மூக்கு, தாடை என்று மொத்த உருவம் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். நீ பின்னால் ஆரம்பித்தாய். காது மடலின் பின்பக்கம், பிடரி, கழுத்து மடிப்பு, தோள் இறங்குகிற இடம். முன்பக்கம் கம்பியும் குழாயும் நீட்டிக்கொண்டிருக்க, பின்பக்கம் மட்டும் ஒரு மனிதர் நம்மை விட்டுத் திரும்பி நிற்பது போல முழுசாக வந்துவிட்டது.

"கமிட்டி வந்து பாத்தா மூஞ்சி எங்கேன்னு கேப்பாங்க. என்ன சொல்வே?"

"வரும்டி. இன்னா அவசரம்? எனக்கு இது வந்தாத்தான் அது வரும்."

பிடரியில் மெல்லிய கோடுகள் சில இருந்தன. டூல் தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்துக் கட்டைவிரலை ஈரம் செய்துகொண்டு தடவப் போனேன். என் மணிக்கட்டில் பட்டென்று அடித்தாய். "அதத் தொட்டே, கைய ஒடச்சிடுவேன்." ஏன் என்று கேட்டேன். நீ டூலைத் துடைக்கப் போய்விட்டாய். சொல்லியிருந்தால் என்ன? ஒரு வாக்கியம். அதற்குக்கூட உனக்கு நேரமில்லையா?

முகத்துக்கு மண்ணை அள்ளி அப்ப ஆரம்பித்த வாரத்தில்தான் உனக்கு ஜுரம். "வெறும் ஜுரம்டி" என்று மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பி வேலை செய்தாய். உன் முகம் வெளுத்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். இந்தக் கன்னம் முடியட்டும் என்றாய். மறுநாள் மூக்கு முடியட்டும் என்றாய். அப்புறம் ஒரு மதியம் எழுந்து நிற்க முடியாமல் மண் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உன் அக்கா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டெங்கு என்றார்கள். நம் ஷெட்டைச் சுற்றிலும் தண்ணீர் டிரம், நனைந்த சாக்கு, ஊறப்போட்ட மண். எந்தக் கொசு எங்கே கடித்ததோ யாருக்குத் தெரியும்? ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை.

ஒரு கன்னத்துக்காகவா என்று உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அதை யாரிடம் காட்டுவது?

காரியம் எல்லாம் முடிந்து ஷெட்டைத் திறந்தபோதுதான் மண் நினைவுக்கு வந்தது. தினமும் ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போர்த்தி வைக்க வேண்டும். அத்தனை நாளும் யார் செய்வது? மண் காய்ந்தால் சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? பிளாஸ்டிக்கைத் தூக்கினேன். முகம் இல்லை. பட்டாம்பூச்சி பத்தாத முன்பக்கம் கம்பியிலிருந்து கழன்று ஸ்டாண்டின் மேல் கட்டியும் தூளுமாகக் கிடந்தது. மூக்கா, கன்னமா, எது எதுவென்று தெரியவில்லை. பின்பக்கம் ஓரிரண்டு மயிரிழை விரிசலோடு அப்படியே நின்றது.

அந்தக் கட்டிகளை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். நான் சொன்னேன், கேட்டாயா, நான் சொன்னேன், கேட்டாயா என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரகாஷிடம் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நீ செய்த பின்பக்கத்தை வேறொருவன் தட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பான். அதனால் நானே செய்கிறேன் என்றேன். பின்பக்கத்தை ஈரச் சாக்கால் மூடி மெதுவாக இளக வைத்தேன். முன்பக்கக் குழாயில் புதுக் கம்பி கட்டி, உனக்குப் பிடிக்காத அளவுக்குப் பட்டாம்பூச்சிகளைத் தொங்கவிட்டேன். மண்ணை அப்பினேன்.

காதர் பாயை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கிடைத்தது அவருடைய அடையாள அட்டைப் படம் ஒன்று, ஆண்டு விழாக் குழுப் படத்தில் ஓரத்தில் கலங்கலாக ஒரு தலை. காலிப்பரை வைத்து அளந்தேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி, மூக்கு நீளம், உதட்டு அகலம் எல்லாம் சரியாக இருந்தன. முகம் மட்டும் வரவில்லை. அரசாங்க ஆபீஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் வந்தார். கலைத்தேன். மறுபடி அதே ஆள் வந்தார். அச்செடுக்கிறவள் கைக்கு எதிரில் இருப்பதை அப்படியே எடுக்கத் தெரியும். இல்லாத ஒன்றைக் கொண்டுவரத் தெரியாது. அது உன் வேலை. உன் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

பூந்தமல்லியிலிருந்து காதர் பாயின் மனைவி ஆயிஷாம்மாவை பிரகாஷ் ஆட்டோவில் அழைத்து வந்தார். மெலிந்த உருவம். முகத்துக்கு நேராக நின்று வெகு நேரம் பார்த்தார்.

"இது அவுரு இல்லம்மா" என்றார்.

"எது மாறியிருக்கும்மா? கண்ணா? மூக்கா?"

"தெரியலியே கண்ணு. எல்லாம் அவுருதுதான். ஆனா அவுரு இல்ல."

எனக்கு அழாக்குறை. உதட்டை மாற்றினேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். "முந்திக்கு இது தேவல. ஆனா அவுரு இல்ல." கண்ணுக்குக் கீழே தளர்வு கொடுத்தேன். மறுபடி வந்தார். உதட்டைப் பிதுக்கினார். பிரகாஷ், "பரவாயில்ல மேடம், எண்பது பர்சன்ட் வந்திருச்சு" என்றார். அந்த எண்பதைக் கேட்டதும் டூலைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அன்றைக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஃபேன் சிலைக்குப் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றுக்காக ஆயிஷாம்மா அந்தப் பக்கம் போனார். போனவர் திரும்பி வரவில்லை. தலை சுற்றிவிட்டதோ என்று பயந்து ஓடினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"யா அல்லா. இது அவுருதான்."

பிரகாஷும் பின்னால் வந்து பார்த்தார்.

ஆயிஷாம்மா அந்தக் கோடுகளின் மேல் விரலைத் தொடாமல் நீட்டிக் காட்டினார். "புள்ளைங்கள முதுவுலதாம்மா தூக்கிக்கினு வருவாரு. தண்ணியப் பாத்து பயந்துகினு அதுங்க களுத்தக் கெட்டியாப் புடிச்சிக்கும். சாங்காலம் ஊட்டுக்கு வந்தா களுத்து பூரா நகக்கீறலு. நான் தேங்காண்ண தடவுவேன். எரியுதான்னு கேட்டா, சின்ன நகம்தானே, அது இன்னா எரியும்பாரு." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "இத யாரு பண்ணது?"

"என் சிநேகிதிம்மா. அவளும் அந்த ஸ்கூல்தான்."

"அப்போ அவளையும் தூக்கியிருப்பாரு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு அவரைத் தெரிந்ததே அந்தப் பக்கமிருந்துதான். மழைத்தண்ணீருக்கு மேலே அவர் முதுகில் தொற்றிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் அந்தப் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளை நீ. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? இத்தனை வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். கையை உடைப்பேன் என்று சொல்லத் தெரிந்த உனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா? என் கட்டைவிரல் அன்றைக்கு அந்தக் கோடுகளைத் தொட விரலளவு தூரம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு முகத்தை நான் தொடவில்லை. தொட்டு என்ன ஆகப்போகிறது? மோல்டு எடுத்தேன். உச்சந்தலை வழியாகக் காதுக்குக் காது தகரத் துண்டுகளை வரிசையாகக் குத்தி, முன்பாதி பின்பாதி என்று பிரித்தேன். முதல் பூச்சு பிளாஸ்டரில் துணிக்குப் போடும் நீலம் கலந்தேன். பிறகு உளியால் உடைக்கும்போது நீலம் தெரிந்தால் சிலையை நெருங்கிவிட்டோம் என்று கை நிதானிக்க வேண்டும், அதற்காக. அதன்மேல் வெள்ளைப் பூச்சு. காய்ந்ததும் பிரித்து மண்ணைச் சுரண்டி எடுத்தேன். நீ தொட்ட மண் கையில் பிசுபிசுத்தது. அதைத் திரும்பவும் தொட்டியில்தான் போட வேண்டும், போட்டேன். உள்ளே சோப்புக் கரைசல் தடவி, ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் அடுக்கி, இரண்டு பாதியையும் சேர்த்து வார்த்தேன். முன்பாதி மோல்டு மூக்குத் துளையிலும் தாடைக்கு அடியிலும் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் எடுத்தேன். பின்பாதி ஒரே தட்டில் முழுசாகக் கழன்று வந்தது.

இனிமேல்தான் எனக்குப் பொறுக்காத விஷயம். சிலையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால், பீடத்தைக் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். சிலையை ஏற்றினால் பிடரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை நுழையாது.

"சார், சுவத்துல ஒட்டியிருந்தா அது புடைப்புச் சிற்பம். இது முழுச்சிலை. ஒரு ஆள் சுத்தி வரணும், அதுக்குத்தான் முழுச்சிலை" என்றேன் கரஸ்பாண்டன்ட்டிடம்.

"சுத்தி வர்றதுக்கு இது என்ன கோயிலாம்மா? பின்னாடி யார் பாக்கப் போறாங்க?"

"பின்னாடிதான் சார் அவரு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பள்ளி வேன் திரும்ப இடம் வேண்டும், பீடத்தை நகர்த்த முடியாது என்றார். ஆயிஷாம்மா சொன்னதைச் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். குரல் உயர்ந்தது. பிரகாஷ் நடுவில் புகுந்து, "இப்போதைக்கு வெச்சிடலாம் மேடம். அடுத்த மீட்டிங்ல பேசிக்கலாம்" என்றார். சிலையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாசலில் ஆயிஷாம்மா புதுப் புடவையில் உறவுக்காரர்களோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார். பீடத்திலேயே ஏற்றிவிட்டேன்.

திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினார்கள். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயிஷாம்மா என் கன்னத்தைத் தடவி, "நல்லா கீதும்மா" என்றார். சாப்பாடு எப்படி என்று பந்தியில் கேட்டால் சொல்வார்களே, அந்த நல்லா. நான் செய்த யாரோ ஒருவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ செய்த காதர் பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மீட்டிங், அதற்கடுத்த மீட்டிங் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இப்போது என் நம்பரைப் பார்த்தால் பிரகாஷ் எடுப்பதில்லை.

பாரிவாக்கத்தில் இடத்துக்காரர் ஃப்ளாட் கட்டப் போகிறார். அதனால்தான் இந்த மாற்றம். நேற்று ஸ்டாண்டுகளையும் டிரம்களையும் லோடு வண்டியில் ஏற்றும்போது, சுவரோரம் சாக்கில் சுற்றி வைத்திருந்த பின்பாதி மோல்டை வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒடஞ்ச பிளாஸ்டர் தானேக்கா, இங்கியே போட்டுட்டுப் போவலாமே" என்றார். அவர்மேல் கோபித்துக்கொள்ள முடியாது. பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

"குடுங்கண்ணே" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். ஆவடி ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் வண்டி நின்றபோது சாக்கை விலக்கி உள்ளே கையை விட்டேன். மோல்டில் எல்லாமே எதிர்ப்பதம். மேடு பள்ளமாகிவிடும், பள்ளம் மேடாகிவிடும். நீ மண்ணில் நகத்தால் கீறிய கோடுகள் அங்கே மெல்லிய வரம்புகளாக எழுந்து நிற்கின்றன. விரலை வைத்தேன். ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. சிக்னல் விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் கையை எடுக்கவில்லை.